கஸ்ஸிக் கடலோரப் பாறைப் பாதையில் நான் பட்ட பாடு

சென்ற ஆண்டு ஜூன் மாதக் கடைசி வாரத்தில், பிரான்சின் தென்கரையில் மார்செய் நகருக்கும் கஸ்ஸி என்ற சிறு துறைமுக ஊருக்கும் இடையே உள்ள கலாங்க் குன்றுகளில் தனியாக நடக்கப் போனேன். கணுக்காலில் தசைநார் கிழிந்து, கைச்செலவாக 480 யூரோவுக்கு மேல் இழந்து, அதன்பின் பதினொரு நாள் வீட்டுக்குள்ளேயே ஊன்றுகோலோடு முடங்கிக் கிடந்தேன். போவதற்கு முன் இந்தப் பாதையைப் பற்றித் தமிழில் தேடியபோது கிடைத்ததெல்லாம் நீலக் கடலின் படங்களும் 'வாழ்நாளில் ஒருமுறையாவது காண வேண்டிய இடம்' என்ற வரிகளும்தான். அந்த வரிகளில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நான் தெரிந்துகொண்டு போயிருக்க வேண்டியவற்றை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை என்பதால், என் முட்டாள்தனங்களையும் மறைக்காமல் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

வேலை நிமித்தமாக ஓராண்டு லியோன் நகரில் தங்கியிருந்தேன். அங்கிருந்து அதிவேக ரயிலில் மார்செய் போக இரண்டு மணி நேரம்கூட ஆகாது. மார்செயிலிருந்து கஸ்ஸிக்கு உள்ளூர் ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். Cassis என்று எழுதும் ஊரின் பெயரில் கடைசி எழுத்தை அவ்வூர்க்காரர்கள் உச்சரிப்பதில்லை. தொலைபேசியில் நான் சொன்னதைக் கேட்ட தம்பி, "பிரான்சுக்குப் போயும் உனக்குக் காசி யாத்திரையா அக்கா?" என்று சிரித்தான். பனியுகத்தில் கடல்மட்டம் வெகுவாகத் தாழ்ந்திருந்த காலத்தில் நீரோட்டம் அறுத்த சுண்ணாம்புக்கல் பள்ளத்தாக்குகளில், பின்னாளில் கடல் ஏறி நின்றுவிட்டது. இருபுறமும் வெள்ளைப் பாறை செங்குத்தாக எழ, நடுவே கடல் விரல் நீட்டியதுபோல் உள்ளே வரும் அந்தக் குறுகிய நீர்வழிகளுக்குத்தான் கலாங்க் என்று பெயர். 2012 முதல் இப்பகுதி தேசியப் பூங்காவாக இருக்கிறது. சனிக்கிழமை கஸ்ஸியிலிருந்து போர்-மியு, போர்-பேன், ஆன்வோ ஆகிய மூன்று கலாங்குகளுக்கும் நடந்து திரும்புவது, ஞாயிற்றுக்கிழமை மார்செய்ப் பக்கம் போய் லுமினியிலிருந்து சுஜித்தோன் கலாங்குக்கு இறங்குவது, அன்றிரவே ரயிலேறி லியோன் திரும்புவது என்பது என் திட்டம்.

வெள்ளிக்கிழமை இரவு விடுதிக்குப் போய்ச் சேர்ந்ததுமே திட்டத்தில் பாதி போயிற்று. ஜூன் முதல் தேதியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை இந்தக் குன்றுகளுக்குள் நுழைய முடியுமா என்பதைக் காட்டுத்தீ அபாயத்தைக் கணக்கிட்டு நாள்தோறும் முடிவு செய்கிறார்கள் என்பதும், சிவப்பு என்று அறிவித்த நாளில் உள்ளே கால் வைத்தால் 135 யூரோ அபராதம் என்பதும் வரவேற்பு மேசையில் இருந்த பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மறுநாள் சிவப்பு. காலையில் சன்னலைத் திறந்து பார்த்தால் துடைத்துவிட்டாற்போன்ற நீல வானம், ஒரு மேகம்கூட இல்லை. இப்படி ஒரு நாளையா மூடுவார்கள் என்று எரிச்சலாக வந்தது. வானம் அப்படிச் சுத்தமாக இருந்ததற்கும் பாதை மூடப்பட்டதற்கும் காரணம் ஒன்றேதான். ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியாக வடக்கிலிருந்து இறங்கும் மிஸ்த்ரால் என்ற வறண்ட காற்று மேகத்தையும் ஈரத்தையும் ஒருசேரத் துடைத்துவிடுகிறது. காய்ந்த பைன் காட்டில் ஒரு பொறி விழுந்தாலும் அந்தக் காற்றில் யாராலும் அணைக்க முடியாது. எனவே கோடையில் போகிறவர்கள் வானிலையை மட்டும் பார்த்து நாளைக் குறிக்காதீர்கள். மறுநாளுக்கான நிறம் முந்தைய நாள் மாலையில்தான் தெரியவரும் என்பதால், பணம் திரும்பக் கிடைக்காத அறையை முன்கூட்டியே எடுப்பது சூதாட்டத்துக்குச் சமம். நான் இரண்டு இரவுக்கு 248 யூரோ கட்டி, அப்படிப்பட்ட அறையைத்தான் எடுத்திருந்தேன்.

சனிக்கிழமை முழுவதும் துறைமுகத்தில் உட்கார்ந்து, எதிரே 394 மீட்டர் உயரத்துக்குச் செம்மண் நிறத்தில் எழுந்து நிற்கும் காப் கனாய் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் மறுநாளுக்கான அறிவிப்பு வந்தது: அனுமதி உண்டு. அந்த நிமிடத்தில் என் மனம் போட்ட கணக்கில்தான் இந்தக் கதையின் எல்லாத் துன்பமும் தொடங்கியது. இரண்டு நாளில் பார்க்க வேண்டியதை ஒரே நாளில் பார்த்துவிட்டால் எந்த நட்டமும் இல்லை என்று தோன்றியது. கஸ்ஸியில் தொடங்கிப் பாறைமுனைகளின் மேலாகவே நடந்து லுமினியில் முடிக்கும் வழி ஒன்று இருக்கிறது, ஜி.ஆர். 98-51 என்ற நெடும்பாதையின் பகுதி அது. நல்ல நடைக்காரர்களுக்கே ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும் என்று வரைபடக் குறிப்பில் படித்தேன். கோடையில் நெரிசல் நாட்களில் சுஜித்தோனுக்கு நாளொன்றுக்கு 400 பேரை மட்டுமே, அதுவும் முன்பதிவு செய்தவர்களை மட்டுமே விடுகிறார்கள். கட்டணமில்லாத அந்தப் பதிவும் என் கைப்பேசியில் இருந்தது. அதை வீணாக்க மனம் வரவில்லை. செலவழித்த பணத்தை நினைத்துக்கொண்டே நடைக்குத் திட்டம் போட்டேன் என்பதை இன்று வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும். அறை வாடகையில் காலை உணவும் சேர்ந்திருந்ததால், அதையும் விட மனமின்றி எட்டரை மணி வரை உட்கார்ந்து சாப்பிட்டு, துறைமுகத்தைத் தாண்டும்போது மணி ஒன்பதரை. முதுகுப்பையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர், இரண்டு வாழைப்பழம், ஒரு ரொட்டி. ஆடி அமாவாசைக் கூட்டத்தோடு தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கு மூன்று முறை ஏறியவள் நான் என்ற நினைப்பு எனக்கு உண்டு. அந்த நினைப்பே எனக்குப் பகையாயிற்று. சதுரகிரியில் ஓடையும் சுனையும் குறுக்கிடும், நிழல் உண்டு, மேலே போனால் சோறு போடுவார்கள். கையை வீசிக்கொண்டு போனாலும் ஒப்பேற்றிவிடலாம். கலாங்குகளில் குழாய் இல்லை, கடை இல்லை, ஓடையும் இல்லை. சுண்ணாம்புக்கல் மழையை அப்படியே உறிஞ்சிக் கீழே விட்டுவிடுகிறது. போர்-மியுவில் கடலுக்கடியே ஒரு பாதாள ஆறு வந்து கலக்கிறது. அதன் நீரும் உப்புக் கலந்தது. தண்ணீர் காலடியில்தான் ஓடுகிறது, நாக்குக்கு மட்டும் எட்டாது. கோடையில் ஆளுக்கு மூன்று லிட்டர் இல்லாமல் போக வேண்டாம் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

போர்-மியு நீளமானது, வரிசை வரிசையாகப் பாய்மரப் படகுகள் கட்டியிருக்கும். அதன் ஓரத்தில் பழைய கல்குவாரி, கற்களைக் கப்பலில் ஏற்றிய இடம் எல்லாம் இன்னும் தெரிகின்றன. அதுவரை செருப்போடுகூட நடக்கலாம். அடுத்த போர்-பேன், பைன் மரங்கள் நீர்வரை இறங்கி வந்த சிறு கடற்கரை; குழந்தைகளோடு வந்த குடும்பங்களில் பெரும்பாலானவை அங்கேயே துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டன. அங்கிருந்து ஏறிப் போனால் ஆன்வோவுக்கு இறங்கும் இடம் வரும். அந்த இறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். படங்களில் காணும் வெள்ளைப் பாறை, ஆண்டாண்டாக மிதிபட்டு, வீட்டுத் திண்ணையில் எண்ணெய்த் தலை சாய்ந்து சாய்ந்து பளபளப்பேறிய சுவரைப்போல் ஆகிவிட்டது. அதன்மேல் சரளை உதிரி. மேலிருந்து பார்த்தால் நல்ல பிடிமானமாகத் தோன்றும் கல், கால் வைத்ததும் கண்ணாடியாகிவிடுகிறது. என் காலில் இருந்தவை லியோன் ஆற்றங்கரையில் இரண்டு ஆண்டுகள் ஓடித் தேய்ந்த காலணிகள்; குதிகால் பக்கம் வரி எதுவுமே மிஞ்சவில்லை. எனக்கு முன்னால் போன இளைஞர் ஒருவர் உட்கார்ந்தபடியே நகர்ந்தார். நானும் அப்படியே நகர்ந்தேன். கால்சட்டையின் பின்புறம் கிழிந்தது. இறங்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அடிப்பகுதியில் ஆழமான வரிகளும் கணுக்காலைப் பிடிக்கும் உயரமும் உள்ள காலணி இல்லாதவர்கள், மேலே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது நல்லது. ஆன்வோவின் முழு அழகும் மேலிருந்துதான் தெரிகிறது என்பது என் தனிப்பட்ட கருத்து.

கீழே நீர் பச்சையும் நீலமுமாக, அடியில் உள்ள கூழாங்கல்லை எண்ணும்படி இருந்தது. கோடையானாலும் சில்லென்றிருந்த அந்த நீரில் நீந்தினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே போயிற்று. கரையேறித் தண்ணீர்ப் புட்டியைத் தூக்கிப் பார்த்தேன். பாதிக்கும் கீழே. மணி பன்னிரண்டே முக்கால். வந்த வழியே திரும்பியிருந்தால் இரண்டு மணி நேரத்தில் கஸ்ஸித் துறைமுகத்தில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாறு குடித்திருக்கலாம். லுமினிக்கோ, பாதையின் பெரும்பகுதி இனிமேல்தான் இருந்தது. பாதித் தண்ணீர் தீரும் இடம் எதுவோ அதுவே திரும்பும் இடம் என்ற சாதாரணக் கணக்கு அப்போது எனக்கு உறைக்கவில்லை. இரவு ரயில், சுஜித்தோன் பதிவு, வீணான சனிக்கிழமை என்று மூன்றும் சேர்ந்து முன்னால் தள்ளின.

ஆன்வோவிலிருந்து மேட்டுக்கு ஏறும் வழியில் காற்றே இல்லை. முந்தைய நாள் அடித்த மிஸ்த்ரால் முற்றிலும் ஓய்ந்திருந்தது. தலைக்குமேல் வெயில், காலுக்குக் கீழே அந்த வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும் வெள்ளைக் கல். தொப்பி மேலிருந்து வருவதைத்தான் மறைக்கும், கீழிருந்து வருவதை மறைக்காது. மேட்டில் முழங்கால் உயர ரோஸ்மேரிப் புதர்களும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வளைந்த பைன்களும்தான். ஒரு மிடறு குடிப்பது, நூறு அடி நடப்பது என்று எண்ணிக்கொண்டு போனேன். இரண்டரை மணிக்குத் தண்ணீர் தீர்ந்தது. மேற்கே 300 மீட்டருக்கு மேல் கடலுக்குள் நேராக இறங்கும் தெவான்சோன் பாறைச் சுவர் தெரிந்தது. எத்தனையோ நாள் படங்களில் பார்த்து ஏங்கிய காட்சி. அப்போது எனக்கு அதன்மேல் கோபம்தான் வந்தது.

வழி தவறியது அதற்குப் பிறகு. இந்த நெடும்பாதைகளில் கல்லிலும் மரத்திலும் வெள்ளைக் கோடும் அதன்கீழ்ச் சிவப்புக் கோடும் தீட்டியிருப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்துப் போனால் போதும். அதே இரு நிறங்களில் பெருக்கல் குறிபோல் தீட்டியிருந்தால் 'இந்தப் பக்கம் வராதே' என்று பொருள். ஒரு பிரிவில் அந்தப் பெருக்கல் குறியைப் பார்த்தேன். பார்த்தும், கடல் பக்கம் போன அந்தத் தடம் நன்றாக மிதிபட்டிருந்ததாலும், சற்றுக் கீழே நிழல் தெரிந்ததாலும், அதுதான் குறுக்குவழி என்று நானே முடிவுகட்டிக்கொண்டு இறங்கினேன். இருபது நிமிடம் போனதும் தடம் ஒரு பாறை விளிம்பில் முடிந்தது. அதற்குக் கீழே லூல் என்ற கலாங்க். நடந்து இறங்க வழியே இல்லாத இடம் அது. கயிறு கட்டி இறங்கும் பாறையேறிகளின் தடத்தைத்தான் நான் குறுக்குவழி என்று நம்பியிருக்கிறேன். விளிம்பிலிருந்து பின்வாங்கித் திரும்பும்போது சரளை நழுவியது. வலது கால் இரண்டு கற்களுக்கு நடுவே சிக்க, உடம்பு மட்டும் திரும்பியது. கைப்பேசி கல்லில் விழுந்து திரை சிலந்திவலையாக வெடித்தது. வலியைவிட முன்னதாக எனக்குக் கேட்டது, கணுக்காலுக்குள் எழுந்த 'ளக்' என்ற சத்தம்.

ஒரு பைன் மரத்தடிக்குத் தவழ்ந்து போய் உட்கார்ந்தேன். வியர்வை நின்றுபோயிருந்தது. நல்ல வேளை, வெப்பம் தணிகிறது என்று அப்போது நினைத்தேன். அது உடலின் நீர் வற்றியதற்கான கெட்ட அறிகுறி என்று பிறகுதான் மருத்துவர் சொன்னார். தலை விண்விண்ணென்று தெறித்தது. கைப்பேசியில் அலைவரிசை ஒரு கோடாக வந்து வந்து மறைந்தது. 112 என்ற எண்ணை அழைத்தால் கைக்கெட்டும் எந்த நிறுவனத்தின் அலைவரிசையிலும் போய்ச் சேரும் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் ஒன்றரை மணி நேரம் அழைக்கவில்லை. ஹெலிகாப்டர் வந்தால் எத்தனை ஆயிரம் யூரோ கேட்பார்களோ என்ற பயம்தான் காரணம். பிரான்சில் இத்தகைய மலைப்பகுதிகளில் அரசு மீட்புப் படையினர் காப்பாற்றினால், காப்பாற்றப்பட்டவரிடம் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். நடக்க முடியாது, தண்ணீர் இல்லை என்ற இரண்டும் சேர்ந்த உடனேயே அழைத்திருக்க வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அம்மாவிடம் என்ன சொல்வது என்று மனத்துக்குள் வாக்கியம் வாக்கியமாக அமைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கீழே சுற்றுலாப் படகு ஒன்று வந்து, பாட்டோடு திரும்பிப் போயிற்று. கை அசைத்தேன். அவர்களும் மகிழ்ச்சியாகக் கை அசைத்தார்கள்.

நாலரை மணியளவில் மேலே பேச்சுச் சத்தம் கேட்டது. பிரெஞ்சில் தண்ணீருக்கு 'ஓ' என்றுதான் பெயர். "ஓ! ஓ!" என்று கத்தினேன், வலியில் ஓலமிட்டாலும் அதே ஒலிதானே வந்திருக்கும், எப்படியோ புரிந்துவிட்டது. அறுபதைத் தாண்டிய ஒரு கணவனும் மனைவியும் தடத்தில் இறங்கி வந்தார்கள். "மதாம், மெதுவாக, மெதுவாக" என்று சொல்லி, அந்த அம்மாள் புட்டியை என் கையில் கொடுக்காமல் மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தார். நடுநடுவே ஓர் உப்புப் பாதாமை வாயில் வைத்தார். அவர் கணவர் பையிலிருந்து இழுபட்டைத் துணியை எடுத்து, காலணியைக் கழற்றாமலே அதன்மேல் எட்டுப்போல் சுற்றிக் கட்டினார். கழற்றினால் வீங்கிவிடும், மறுபடி மாட்ட முடியாது என்பது அவர் விளக்கம். மேலே ஏறியதும், பெருக்கல் குறியைக் கைத்தடியால் தட்டிக் காட்டி ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை போதுமானதாக இருந்தது.

லுமினியை மறந்துவிடுங்கள், நிலப்பக்கமாக வெளியேறுவதுதான் வழி என்று அவர்கள் சொன்னார்கள். கார்தியோல் கணவாய் வழியாகத் தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டிய மண்பாதை ஒன்று ஜினெஸ்த் நெடுஞ்சாலைக்குப் போகிறது. காட்சி எதுவும் இல்லாத அந்த வழியை என் திட்டத்தில் நான் பார்க்கவே இல்லை. கடலோரப் பாதையில் நடக்கிறவர்கள் புறப்படுமுன், எந்தெந்த இடத்திலிருந்து கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலைக்குப் போகலாம் என்பதைத் தாள் வரைபடத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். திரை உடைந்த கைப்பேசியில் வரைபடம் தெரியாது. இருவர் தோளிலும் மாறி மாறிச் சாய்ந்து, சாலையோரம் நின்ற அவர்கள் வண்டியை அடையும்போது மணி ஏழரை தாண்டிவிட்டது. கோடையில் அங்கே ஒன்பது மணி வரை வெளிச்சம் இருப்பதால் பிழைத்தேன். மார்செயில் ஒரு மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டு, அந்த அம்மாள் மிச்சமிருந்த பாதாமையும் என் பைக்குள் போட்டுவிட்டுப் போனார்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தவறவிட்ட ரயில் சீட்டு 39 யூரோ, மறுநாள் காலை வாங்கிய புதுச் சீட்டு 84, மார்செயில் எதிர்பாராத ஓர் இரவு 95, எக்ஸ்ரே உள்ளிட்ட மருத்துவச் செலவு 130, கணுக்கால் பட்டையும் ஊன்றுகோலும் 45, கைப்பேசித் திரை 160. காப்பீட்டிலிருந்து திரும்பி வந்தது 70 மட்டுமே. மருத்துவர் கையெழுத்திட்டுத் தந்த படிவங்களில் ஒன்றை நான் விடுதிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டிருந்தேன், மூலப்படிவம் இல்லாமல் அந்தத் தொகை கிடைக்கவில்லை. பிரான்சில் மருத்துவமனையிலோ மருந்துக்கடையிலோ தரும் எந்தத் தாளையும், அது என்னவென்று புரியாவிட்டாலும், எறிந்துவிடாதீர்கள். சனிக்கிழமை நடை தடைபட்டதில் எனக்கு நட்டம் என்று பார்த்தால் ஓர் இரவு வாடகைதான். அந்த 124 யூரோவைத் திரும்பப் பிடிக்கப் போய்த்தான் இத்தனையும்.

அக்டோபரில் கால் முழுதாகத் தேறிய பின் மறுபடி கஸ்ஸிக்குப் போனேன். அந்த மாதத்தில் நாள்தோறும் வரும் கோடைக்காலக் கட்டுப்பாடு கிடையாது, வெயிலும் முகத்தில் அறைவதில்லை. புதுக் காலணி, மூன்று லிட்டர் தண்ணீர், தாள் வரைபடம். எங்கே போகிறேன், எத்தனை மணிக்குள் திரும்புவேன் என்று விடுதியில் எழுதிக் கொடுத்துவிட்டு ஏழரைக்கே கிளம்பி, பத்து மணிக்கு முன் ஆன்வோவின் மேல் விளிம்பில் நின்றேன். கீழே இறங்குகிறவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்வதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இறங்காமல் திரும்பினேன். துறைமுகத்துக்கு வந்தபோது புட்டியில் ஒரு லிட்டருக்கு மேல் மிச்சம் இருந்தது. தம்பிக்குத் தொலைபேசியில் அழைத்து, பாதியிலேயே திரும்பிவிட்டேன் என்றேன். "பாதியில திரும்பினாத்தானே அக்கா அது காசி யாத்திரை, கல்யாணத்துல பார்த்ததில்லையா?" என்றான்.